பதினேழாம் நம்பர் ஆஜர்

வெல்டிங் மிஷின் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திராத ஒரு தையல்காரர், முப்பது வெல்டர் பயிற்சியாளர்களைப் பின்னால் தள்ளிவிட்டு ஆன்லைன் வகுப்பில் முதல் மார்க் வாங்கினார். அதுவும் தன் பெயரில் இல்லை. செத்துப்போன மனைவியின் நம்பரில். தலைவலி, மாமியார் வீடு, மின்வெட்டு என்று உயிரோடு இருந்த முப்பது பேரும் வகுப்புக்கு மட்டம் போட்டார்கள். அந்த அம்மாள் ஒருத்திதான் செத்த பிறகு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, வரிசையில் நில்லுங்கள். அவருடைய மச்சினன் உங்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறான்.

விவகாரம் ஒரு அலாரத்தில் ஆரம்பித்தது.

தையல்காரரின் மனைவி ஒரு கம்பிக் கதவுப் பட்டறையில் ஒன்பது வருஷம் பெயின்ட் அடித்தவள். மற்றவர்கள் ஒட்டித் தந்த கதவுகளுக்குப் பெயின்ட் அடித்து அடித்து, எந்த ஒட்டு கெட்டி, எந்த ஒட்டு சொத்தை என்று தடவிப் பார்த்தே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நாற்பத்து மூன்றாவது வயதில், "இவனுங்க ஒட்டறதை மறைக்கறதுக்கா நான் பொறந்தேன்? நானே ஒட்டறேன்" என்று பயிற்சியில் சேர்ந்தாள். சனிக்கிழமை பயிற்சிப் பட்டறையில் செய்முறை. மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் போனில் பாடம். மூன்று மாதம் போனாள். காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். அவ்வளவுதான்.

அவள் போனாள், அவள் போன் போகவில்லை. தினமும் எட்டு ஐம்பத்தைந்துக்கு அலறியது. அவள் வைத்த அலாரம். அதை நிறுத்துவது எப்படி என்று அவளுக்குத்தான் தெரியும். முதல் நாள் தையல்காரர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தார். அடுத்த நாள் துணி மூட்டைக்குள் திணித்தார். பிறகு மூட்டையோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ அலறியது. தெருக்கோடியில் இருந்தவர்கள், தீயணைப்பு வண்டி வருகிறது என்று குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

இருபதாம் நாள் பொறுக்க முடியாமல் போனை எடுத்து, திரையில் கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கினார். அலாரம் நின்றது. வகுப்பு திறந்துகொண்டது.

சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஒரு ஓரத்துக் கட்டத்தில் 17.

"பதினஞ்சு" என்றது ஒரு கரகரத்த குரல். வாத்தியார்.

"உள்ளேன் ஐயா."

"பதினாறு."

"உள்ளேன் ஐயா."

அதோடு நெட் நின்றுபோனது. ஒரு சத்தமும் இல்லை. தையல்காரர் போனை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பதினேழு" என்றார் வாத்தியார்.

இருபது நாளாக அந்த வீட்டில் எத்தனையோ பேர் அவளைப் பற்றிப் பேசியிருந்தார்கள். நல்லவங்க என்றார்கள், பாவம் என்றார்கள், குடுத்து வைக்கலை என்றார்கள். அவளைக் கூப்பிட்டவர் யாருமில்லை. தையல்காரர், அவள் இல்லை என்று எழுதத்தான் விரலை வைத்தார். விரல் வேறு மாதிரி நினைத்தது. 'உள்ளேன் ஐயா' என்று எழுதிவிட்டது.

"சரி" என்றார் வாத்தியார். கொஞ்சம் கழித்து, "பதினெட்டு."

அன்று தையல்காரர் இருபது நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. ஏதோ ஓர் அலுவலகத்தில் பதிவேடுகள் பிரிவில் வேலை. முத்திரை இல்லாத எதையும் நம்ப மாட்டான். மழை பெய்தால், ஏற்கெனவே நனைந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் குடையை விரிப்பான்.

"மச்சான், இன்னிக்கி உங்க அக்காவைக் கூப்பிட்டாங்க."

"யாரு?"

"வெல்டிங் வாத்தியார். பதினேழுன்னு."

மச்சினன் அவரையே பார்த்தான். "கூப்பிட்டிருக்க மாட்டாங்க, அத்தான்."

"என் காதால கேட்டேன்யா."

"கேட்டிருக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வரலாமா?"

"காதுக்கா?"

"இல்ல. பொதுவா."

அவனே வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்றால், அவனுக்கு லீவு விடுகிற நாளில் வகுப்புக்கும் லீவு. கடைசிவரை அவன் காதில் அது விழவே இல்லை.

தையல்காரர் விடவில்லை. தினமும் தையல் மிஷின் மேல் நூல்கண்டுகளுக்கு முட்டுக்கொடுத்துப் போனை நிறுத்துவார். பதினாறு முடிந்ததும் நெட் நிற்கும். அந்த நெட்டுக்கு என்ன வேண்டுதலோ, தினமும் சரியாக அதே இடத்தில்தான் நிற்கும். பிறகு "பதினேழு" வரும். அவர் 'உள்ளேன் ஐயா' எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் தள்ளினார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் பதில் சொல்லாவிட்டால் பதிவேட்டிலிருந்து நம்பரை அடித்துவிடுவார்கள் என்று அவள் உயிரோடிருந்தபோது சொல்லியிருந்தாள். அதனால் இவர் தும்மலைக்கூட ஒன்பதரைக்கு மேல் தள்ளிப்போட்டார்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போகாததற்கு, 'கை சுகமில்லை ஐயா' என்று எழுதினார்.

"பரவாயில்லை. வகுப்புக்கு வந்தா போதும்" என்றார் வாத்தியார்.

இவ்வளவு இளகின மனசுக்காரரா வெல்டிங் சொல்லித் தருகிறார் என்று தையல்காரருக்கு ஆச்சரியம்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஒரு நாள் வாத்தியார் கேள்வி கேட்டார்.

"ரெண்டு தகடு. ஓரத்தோட ஓரம் ஒட்டணும். இந்தக் கோடியில ஆரம்பிச்சு அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டா ஓட்டினா என்ன ஆகும்?"

முப்பது பேரும் மௌனம். சங்கத்தில் தீர்மானம் போட்டது மாதிரி ஒற்றுமையான மௌனம். தையல்காரரால் தாங்க முடியவில்லை. இதை ஒரு சின்னக் குழந்தை சொல்லுமே.

'இழுத்துக்கும் ஐயா. காலர் மாதிரி கோணிக்கும்' என்று எழுதினார்.

"காலரா?"

'முதல்ல அங்கங்கே புள்ளி புள்ளியாப் பிடிச்சு நிறுத்திக்கணும். அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமா விட்டு விட்டுப் போகணும்.'

வாத்தியார் அதை ஒரு தடவை உரக்க வாசித்தார். "எல்லாரும் எழுதிக்குங்க. பதினேழு சொன்னதைத்தான். அப்படியே."

மறுநாள், மெல்லிசுத் தகடு ஏன் ஓட்டை விழுகிறது என்று கேட்டார். 'மல்துணியைக் கோணி ஊசியால தைச்சா ஓட்டைதான் விழும். மெல்லிசு ராடு எடுத்து, சூட்டைக் குறைக்கணும்' என்று எழுதினார். முப்பது பேரும் அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அந்த வகுப்பில் பாதிப் பாடம் வெல்டிங், மீதிப் பாடம் தையல். அங்கே படித்தவர்கள் இன்றைக்கும் தகட்டை ஒட்டும்முன் ஓரத்தை ஒரு விரற்கடை மடித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

நல்ல பெயர் வந்தால் வினையும் பின்னாலேயே வரும்.

"நாளையிலேர்ந்து எல்லாரும் கேமரா போடணுமாம். மேலிடத்து உத்தரவு" என்றார் வாத்தியார், தனக்கே பிடிக்காத குரலில்.

மறுநாள் தையல்காரர் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஐயா, பதினேழு கட்டத்துல ஃபேன் சுத்துது" என்றான் இருபத்திரண்டாம் நம்பர். வகுப்பில் வாய் நீளமான பையன்.

அதற்கு மறுநாள் தையல்காரர் அவளுடைய படத்தைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார். பட்டறை வாசலில் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு நின்று எடுத்த படம். நல்ல சிரிப்பு. கண் சிமிட்டாமல் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

"அது வேணாம்" என்றார் வாத்தியார் கடைசியில். "அதை எடுத்துடுங்க, பதினேழு. வேற ஏதாவது பண்ணுங்க."

வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று தையல்காரர் முடிவு செய்தார்.

மூன்றாம் நாள் பதினேழாம் கட்டத்தில், முன்மறைப்பை முழுக்க இறக்கிவிட்ட ஒரு வெல்டிங் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பட்டறையில் கொடுத்தது. உள்ளே அவளுடைய தலையெண்ணெய் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. தையல்காரர் அதற்குள் மூச்சை மெதுவாக விட்டார், வாசனை தீர்ந்துபோய்விடுமோ என்று.

"ஐயா, பாடம் கேக்கறதுக்கு எதுக்கு ஹெல்மெட்? நீங்க பேசினா நெருப்பா பறக்குது?" என்றான் இருபத்திரண்டு.

"நீ ஏன் போடலை?"

"நானா ஐயா?"

"வெல்டர்தானே நீ? நாளையிலேர்ந்து எல்லாரும் போட்டுக்கிட்டு உட்காருங்க."

மறுநாள் முப்பத்தொரு கட்டத்திலும் முப்பத்தொரு ஹெல்மெட். செவ்வாய்க் கிரகத்தில் சட்டசபை கூடியது மாதிரி இருந்தது. ஹெல்மெட்டுக்குள் எட்டுப் பேர் தூங்கினார்கள் என்று ஒரு கணக்கு. வாத்தியாரையும் சேர்த்தால் ஒன்பது.

ஹெல்மெட்டால் தையல்காரருக்கு வகுப்பு காப்பாற்றப்பட்டது. கடைதான் கவிழ்ந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பு எரிந்தால்தான் உலகம் தெரியும். மற்ற நேரத்தில் குகை. அந்தக் குகைக்குள் உட்கார்ந்து தைத்ததில் ஒரு சட்டைக்கு முதுகில் பை விழுந்தது. ஒரு முழுக்கால் சட்டைக்கு மூன்று கால். போட்டுப் பார்க்க வந்த வாடிக்கையாளர், தையல் மிஷினில் ஹெல்மெட் ஒன்று பாடம் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, கழற்றின சட்டையோடு தெருவில் ஓடினார்.

அந்தச் செய்தி மச்சினன் காதுக்குப் போயிற்று.

"அத்தான், ஊரே பேசுது."

"பேசட்டும். பரீட்சையில உங்கக்கா முதல் மார்க்குய்யா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு. வாத்தியார் வாசிச்சார்."

"வாசிச்சிருக்க மாட்டார்."

"எல்லாரும் கை தட்டினாங்க."

"யாரும் தட்டியிருக்க மாட்டாங்க." மச்சினன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "அத்தான், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இது எல்லாம் உங்க மனசுல நடக்குது. போன் சும்மா இருக்கு. நீங்களா கேட்டுக்கறீங்க."

தையல்காரர் நூல்கண்டுகளின் மேல் சாய்ந்திருந்த போனை நேராக நிறுத்தினார்.

"அப்படியே வெச்சுக்க. மனசுலயாவது யாராவது கூப்பிடட்டுமே" என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. மேலதிகாரி. பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர். முப்பத்தொரு ஹெல்மெட்டைப் பார்த்ததும் அவருக்குப் புல்லரித்துப்போனது. பாதுகாப்பு உணர்வு என்றால் இதுவல்லவா என்றார். போதாததற்குப் பதினேழு அன்றைக்கு ஒட்டின இடத்தில் ஏன் விரிசல் விடுகிறது என்பதற்குப் பொத்தான் துளையை உதாரணம் காட்டி ஒரு பதில் எழுதித் தொலைத்தது.

"யாருங்க அது பதினேழு? அவங்களை நேர்ல பார்த்துப் பாராட்டியே ஆகணும். சனிக்கிழமை பட்டறைக்கு வரேன்."

"அவங்க கொஞ்சம் தூரத்துல இருக்காங்க ஐயா" என்றார் வாத்தியார்.

"எவ்வளவு தூரமா இருந்தாலும் வரச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வாத்தியார் ஏழு தடவை போன் செய்தார். எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தையல்காரர் ஏழு தடவையும் போனின் எதிரே கைகூப்பி உட்கார்ந்திருந்தார். போகாவிட்டால் விசாரிப்பார்கள், விசாரித்தால் நம்பரை அடிப்பார்கள். போனாலும் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தாலும் அடிப்பார்கள். இரண்டு பக்கமும் கத்தரி.

சனிக்கிழமை மச்சினனைத் துணைக்குக் கூப்பிட்டார். அவன் மறுக்கவில்லை. "வரேன் அத்தான். நேர்ல வந்து பார்த்தாலாவது உங்களுக்குத் தெளியும்" என்றான்.

வெல்டிங்குக்குப் போடுகிற அவளுடைய தோல் கோட்டைப் போட்டுக்கொண்டார். தோள் இறுக்கியது, கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் தையலைப் பிரித்துப் பெரிதாக்கித் தருகிறவர்தான். அவளுடைய அளவில் கத்தரி வைக்க மனசு வரவில்லை.

பட்டறை பெரிய தகரக் கொட்டகை. முப்பது பயிற்சியாளர்களும் நம்பர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஹெல்மெட்டை இறக்கிவிட்டுக்கொண்டு தையல்காரர் குருட்டு நடையாக உள்ளே வந்தபோது யாரோ முழங்கையைப் பிடித்து வரிசைக்கு நடத்திப் போனார்கள். பதினாறு ஓர் அடி இடது பக்கம் நகர்ந்தான். பதினெட்டு ஓர் அடி வலது பக்கம் நகர்ந்தாள். நடுவில் சரியாக ஓர் ஆள் நிற்க இடம்.

கதவோரம் நின்ற மச்சினனின் வாய் திறந்தது. மூடவில்லை.

"நீங்கதானாம்மா பதினேழு? எங்கே, ரெண்டு தகட்டை ஒட்டிக் காட்டுங்க பார்ப்போம்" என்றார் மேலதிகாரி.

வாத்தியார் அவசரமாக, "அவங்களுக்குக் கை சுகமில்லைங்க ஐயா" என்றார்.

"ஒரு சின்னக் கோடு போதும்."

தையல்காரர் ராடு மாட்டின பிடியை வாங்கி, ஊசியைத் துணியில் இறக்குகிற மாதிரி தகட்டில் இறக்கினார். படபடவென்று நாலு பொறி. ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். தகடும் கூடவே எழுந்து வந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபடி, மீன் பிடித்தவர் மாதிரி நின்றார்.

"மிஷின் சரியில்லைங்க ஐயா" என்றான் பதினாறு.

"ராடு நமுத்துப்போச்சு" என்றாள் பதினெட்டு.

"தகடே மட்டம்ங்க ஐயா. நான்தான் எடுத்து வெச்சேன். என் தப்பு" என்றான் இருபத்திரண்டு.

தையல்காரருக்கு அதற்கு மேல் முடியவில்லை. தனக்காக இத்தனை பேர் பொய் சொல்வதா? பிடியைக் கீழே வைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து நரைத்த மீசையும், நனைந்த கன்னமும் வெளியே வந்தன.

மேலதிகாரி இரண்டு அடி பின்னால் போனார்.

"நான் அவங்க வீட்டுக்காரன் ஐயா. தையல்காரன். அவ இப்ப இல்லை. நான்தான் இத்தனை நாளா ஏமாத்தினேன். வாத்தியார் மேல தப்பில்லை, பசங்க மேல தப்பில்லை. மார்க்கு வேணாம், பாராட்டு வேணாம். தினம் ஒரு தடவை அவளைக் கூப்பிடறதைக் கேக்கணும்னுதான் வந்தேன்."

கொட்டகை அப்படியே நின்றது. பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே நிற்கிற அந்த நெட் மாதிரி.

மேலதிகாரிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதிகாரிகள் அந்த மாதிரி நேரத்தில் செய்வதைச் செய்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்தார். விரலை வைத்துக்கொண்டே இறங்கினார்.

"பதினஞ்சு, பதினாறு... பதினெட்டு." நிமிர்ந்தார். "என்ன வாத்தியாரே இது? பதிவேட்டுல பதினேழே இல்லை. சிவப்பு மையில அடிச்சிருக்கு."

வாத்தியார் தன் பூட்ஸைப் பார்த்தார். முப்பது பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"அதுக்குள்ள அடிச்சுட்டீங்களா?" என்றார் தையல்காரர். "ஐயா, நான் செஞ்ச தப்புக்கு அவளை அடிக்காதீங்க ஐயா. நான் இனிமே வரலை. நீங்க பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருங்க."

மச்சினன் கதவோரத்திலிருந்து வந்தான். பதிவேட்டை வாங்கி அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான். அத்தானை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"இன்னிக்கி அடிச்சதில்லை அத்தான். அக்கா போன மூணாம் நாளே இறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு நான்தான் இங்க வந்தேன். இந்த வாத்தியார்தான் அடிச்சார், இந்த முப்பது பேரும் அப்ப அக்காவுக்காக எழுந்து நின்னாங்க. அதனாலதான் நீங்க சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் நடக்காதுன்னேன்... நடந்திருக்கு, அத்தான்."